ஓரத்தில் நின்றவன் கண்ட கதை

இலக்கியக் கட்டுரைகளைத் தாங்கி வெளிவரும் இம்மலரில் வீடியோ ஆட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவது சற்றுத் துணிவான செயல் என்பதை நாம் அறியாமல் இல்லை. சிலம்பிலும் கம்பனிலும் தோய்ந்த பெருமக்கள் எழுதும் ஏட்டில், பிள்ளைகள் பாடத்தை மறந்து விளையாடும் பொருளுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருப்பர். தலைப்பைச் சொன்னபோது மலர்க்குழு அன்பர்களும் முதலில் நகைக்கவே செய்தனர். ஆயினும் நாம் இங்கு ஆராய விரும்புவது ஆட்டத்தை அன்று. கதை சொல்லும் கலையின் பழைய உத்தி ஒன்று ஒரு புதிய கருவிக்குள் புகுந்த வரலாற்றையே. ஒருமுறை சொல்லி முடிந்த கதையை, அதன் ஓரத்தில் நின்ற இன்னொருவர் கண்வழியே மீண்டும் சொல்வதே அவ்வுத்தி.

நம் நாட்டார்க்கு இது புதிதன்று. வட தமிழகத்துச் சிற்றூர்களில் ‘கர்ண மோட்சம்’ கூத்து விடிய விடிய நடைபெறும்போது, பாண்டவர் வெற்றியைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. தேரடியில் வீழ்பவன் பக்கமே ஊர் முழுதும் அமர்ந்திருக்கும். திருவனந்தபுரத்தில் டி. கணபதி சாஸ்திரியார் 1912 முதல் பதிப்பித்த, பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களுள் ஒன்றான ‘ஊருபங்கம்’, தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனையே நடுவில் வைக்கிறது. வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-இல் இந்திரசித்தின் பக்கம் நின்று ‘மேகநாத வதம்’ பாடினார். மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வந்து போகும் இரண்டு சிறு பாத்திரங்களை முதன்மையாக்கி டாம் ஸ்டாப்பர்ட் எழுதிய நாடகம் 1966-இல் எடின்பரோவில் மேடையேறியது. இவை எவற்றிலும் மூலக்கதையின் முடிவு மாறுவதில்லை என்பது நோக்கத்தக்கது. கர்ணன் இறக்கவே செய்கிறான். துரியோதனன் எழுந்து நடப்பதில்லை. நாம் நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

இனி ஆட்டத்திற்கு வருவோம். இத்துறையில் பழக்கமில்லாத பெரியோர் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிடல் வேண்டும். ஒரு வீடியோ ஆட்டம் வெளியாகி நன்கு விற்பனையானால், சில திங்கள் கழித்து அதனோடு சேர்த்து ஆடத்தக்க ஒரு துணைப்பகுதியைக் குறைந்த விலையில் வெளியிடுவர். ‘எக்ஸ்பான்ஷன்’ என வணிகர் வழங்கும் இதனை நாம் விரிவுப் பகுதி என்போம். கட்டி முடித்த வீட்டின்மேல் மாடி எழுப்புவது போன்றது இது. அடித்தளம், சுவர், மரச்சாமான் யாவும் முன்னரே உள்ளன. வரைந்த சுவர்களும், செய்த பொம்மைகளும், பதிவு செய்த குரல்களும் கையில் இருக்க, புதிதாக வேண்டுவது ஒரு கதையே. மூலக்கதையின் தலைவனைத் தொட்டாலோ, அடுத்த பாகத்திற்கென வைத்திருக்கும் செய்திகள் கெடும். எனவே அதே இடத்தில், அதே நாளில் இருந்த வேறொருவரைத் தேடுவது செலவுக் கணக்குப்படியும் பொருத்தமாகிறது. கலையின் நுட்பம் எனப் போற்றப்படும் பலவும் இப்படிச் சிக்கனத்தில் பிறந்தவையே. அலுவலகத்தில் ஒருபுறம் அச்சிட்ட தாளின் மறுபுறத்தில் வரைவு எழுதிப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வகையில் முன்னோடி எனக் கூறத்தக்கது ஜப்பானிய நிறுவனமான சேகா 1994-இல் செய்த ஒரு வேடிக்கை. சோனிக் என்னும் நீல முள்ளெலியின் மூன்றாம் ஆட்டம் அவ்வாண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் நக்கிள்ஸ் என்னும் செந்நிறப் பாத்திரம், தீய அறிவியலாளனின் பொய்யை நம்பி, சோனிக்கின் வழியில் குறுக்கிட்டுக் கொண்டேயிருக்கும். அக்டோபரில் ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ்’ என்ற மற்றோர் ஆட்டப் பேழை வந்தது. அதன் தலையில் ஒரு திறப்பு இருந்தது. பழைய பேழையை அதில் செருகினால், முன்பு எதிரியாய் நின்ற நக்கிள்ஸாகவே பழைய நிலங்களில் ஓடலாம். ஒரே ஆட்டமாக எண்ணப்பட்டதைக் காலமும் செலவும் கருதி இரண்டாகப் பிரித்ததன் விளைவு இது என்பர். கதை மிகச் சிறிது. எனினும், எதிரியின் கால்களால் அதே மண்ணை மிதிக்கலாம் என்ற எண்ணம் அங்கே ஊன்றப்பட்டது.

அவ்வெண்ணம் முழுமை பெற்றது ‘ஹாஃப் லைஃப்’ என்னும் ஆட்டத்தின் விரிவுப் பகுதிகளில்தான். அதனை நாம் கண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறோம். 2001-ஆம் ஆண்டு பணியாளர் தேர்வாணையத் தேர்வில் தேறி, எழுத்தராகத் தில்லி வந்து சேர்ந்தோம். கரோல்பாகில் ஒரு மாடியின் உச்சியில், பர்சாத்தி என இங்குள்ளோர் சொல்லும் ஒற்றையறையில் குடியிருப்பு. இந்தி வாராது; நண்பர் இல்லை. தெருமுனை சைபர் கஃபேயில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஊருக்கு மின்னஞ்சல் எழுதச் செல்வோம். எழுதி முடித்தபின் எஞ்சும் நேரத்தில், பக்கத்து இருக்கைச் சிறுவர்கள் காட்டித் தந்த இவ்வாட்டத்தை ஆடத் தொடங்கினோம். பி.ஏ. படித்த இருபத்திரண்டு வயது ஆண்மகன் செய்யத்தக்க செயலா என்று அப்போதே நாணம் இருந்தது. ஆனால் அவ்வாட்டத்தை ஆட இந்தி வேண்டியதில்லை.

‘ஹாஃப் லைஃப்’ அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வால்வ் என்ற நிறுவனம் ஆக்கி, 1998 நவம்பரில் சியெரா வெளியிட்டது. மைக்ரோசாப்டில் பணிபுரிந்த இருவர் 1996-இல் தொடங்கிய நிறுவனம் அது. கதையை அமைத்தவர் மார்க் லெய்ட்லா என்ற நாவலாசிரியர். நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் ப்ளாக் மெசா எனும் மறைவான ஆராய்ச்சி நிலையம். இளம் இயற்பியலாளர் கார்டன் ஃப்ரீமன் காலையில் உள்ளூர்தியில் ஏறிப் பணிக்கு வருகிறார். ஒரு படிகத்தை ஆய்வுக் கருவிக்குள் தள்ளுகிறார். பெருவிபத்து நேர்ந்து, வேற்றுலக உயிர்கள் உள்ளே புகுகின்றன. காக்க வருவர் என எதிர்பார்த்த படைவீரர்களோ, நிகழ்ந்ததைக் கண்ட எவரையும் உயிரோடு விடலாகாது என்ற ஆணையோடு வருகின்றனர். வீரனைக் கண்டு மகிழ்ந்து ஓடிய ஓர் அறிவியலாளர் அவ்வீரனாலேயே சுடப்படும் காட்சியை, கண்டவர் மறவார்.

இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு யாதெனில், தொடக்கம் முதல் முடிவு வரை நாம் ஃப்ரீமனின் கண்களை விட்டு ஒரு நொடியும் விலகுவதில்லை. இடையே திரைப்படம்போல் காட்சி மாறுவதில்லை. ஃப்ரீமனும் ஒரு சொல் பேசுவதில்லை. அவர் காணாதது நமக்கும் இல்லை. இத்துணைக் கண்டிப்பாக ஒரே இணைக் கண்களுக்குள் அடைக்கப்பட்டதனாலேயே, அவர் காணாது விட்டது மிகப் பெரிதாயிற்று. மூடிய ஒவ்வொரு கதவின் பின்னும் வேறொரு கதை இருக்க இடம் பிறந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட கியர்பாக்ஸ் என்ற சிறு நிறுவனம் அவ்விடத்தை நிரப்ப வந்தது. 1999 நவம்பரில் வெளிவந்த ‘அப்போசிங் ஃபோர்ஸ்’, அதாவது எதிர்விசை, நம்மைக் கொன்று குவிக்க வந்த படையில் ஒருவனான ஏட்ரியன் ஷெப்பர்டின் கதை. அரை ஆயுள், எதிர்விசை எனப் பெயர்கள் யாவும் இயற்பியலிலிருந்தே எடுக்கப்பட்டன என்பதையும் அன்பர்கள் கவனிக்கலாம். முதல் ஆட்டத்தில் முகமூடிக்குள் ஒரே குரலில் கத்தும் பகைவராய்த் தோன்றியோர், இங்கே தோழர்கள். அவர்களுள் மருத்துவர் உண்டு, கதவைப் பற்றவைத்துத் திறப்போர் உண்டு, அச்சத்தில் உளறுவோர் உண்டு.

இதில் ஒரு காட்சி உண்டு. ஷெப்பர்ட் ஓரிடத்தில் ஃப்ரீமனையே காண்கிறான். அவர் வேற்றுலகுக்குச் செல்லும் ஒளிவாயிலில் குதிக்கிறார். முதல் ஆட்டத்தில் நாமே குதித்த அதே குதிப்பு. இப்போது அதனைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம். அவரைத் தொடர்ந்து அவ்வாயிலில் புகுந்தாலோ ஆட்டம் அங்கேயே முடிந்து, காலமுரண் ஒன்றை உண்டாக்க முயன்றதாக நம்மீது குற்றம் எழுதி நிறுத்திவிடும். நடந்து முடிந்த கதைக்குள் கைவைக்க உனக்கு உரிமை இல்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆட்டம் பிறிதொன்றை நாம் அறியோம். மறுபக்கத்துக் கதையைச் சொல்ல வருபவர் எவர்க்கும் உரிய எல்லை அதுவே.

ஆயினும் இவ்வாட்டத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. கொலையாணை ஷெப்பர்டின் காதில் விழுவதற்கு முன்னரே அவனது வானூர்தி வீழ்ந்துவிடுகிறது. அவன் கண்விழிக்கையில் அறிவியலாளர்களே அவனுக்குச் சிகிச்சை அளித்துக் கொண்டிருக்கின்றனர். படையோ பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அவன் கையில் ஒரு குற்றமற்றவரின் குருதியும் படாமல் கதை நகர்கிறது. எதிரியின் சட்டையை நமக்கு அணிவித்தார்களே அன்றி, எதிரியின் செயலை நம்மிடம் தரவில்லை. ஆணைக்குக் கீழ்ப்படிந்து சுட்ட அந்த வீரனின் கதை இன்றளவும் சொல்லப்படாமலே உள்ளது. துணிந்திருந்தால் இது பெரும்படைப்பாகி இருக்கும் என்பது நம் எண்ணம்.

அத்துணிவு பிற்காலத்தில் வேறிடத்தில் காணப்பட்டது. பிரான்சின் லியோன் நகரத்து ஆர்க்கேன் நிறுவனம் 2012-இல் தந்த ‘டிஸ்ஹானர்ட்’ ஆட்டம், பேரரசியைக் காக்கத் தவறி, கொலைப்பழி சுமந்த மெய்க்காவலனின் கதை. 2013-இல் வந்த அதன் இரண்டு விரிவுப் பகுதிகளோ, உண்மையாகவே அவளைக் கொன்ற டாட் என்பவனின் கதை. அவை அக்கொலையிலேயே, கொன்றவன் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. தன் கை செய்ததை எண்ணி அவன் உழலும் நாள்களையே நாம் ஆடுகிறோம். இஃது ஷெப்பர்டுக்குக் கிடைக்காதது.

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ‘ப்ளூ ஷிஃப்ட்’. சேகாவின் ட்ரீம்காஸ்ட் பொறிக்கென முதலில் ஆக்கப்பட்டது; அப்பொறிக்கான வெளியீடு கைவிடப்பட, 2001 ஜூனில் கணிப்பொறிக்கு வந்தது. மிகச் சிறிது எனத் திறனாய்வாளர் குறை கூறினர், அது மெய்யே. அதன் தலைவன் பார்னி கால்ஹூன் என்னும் காவலாளி. நீலப்பெயர்ச்சி என்னும் ஒளியியல் சொல்லையும், காவலாளியின் நீலச் சட்டையையும், பணிமுறையைக் குறிக்கும் ‘ஷிஃப்ட்’டையும் ஒரே பெயரில் பின்னியிருப்பது சிலேடையை விரும்பும் நம்மவர்க்கு இனிக்கும்.

முதல் ஆட்டத்தில் காவலாளிகள் எல்லோர்க்கும் ஒரே முகம், ஒரே குரல். ஆக்கியோர் அவர்கள் அனைவரையும் ‘பார்னி’ என்றே அழைத்தனர். ஃப்ரீமனுக்குக் கதவு திறந்துவிடுவதும், சிறிது தூரம் உடன்வந்து சுடுவதும், சாவதும் அவர்கள் பணி. ஒருவர் இறந்தால் அடுத்த கூடத்தில் அதே முகத்தோடு இன்னொருவர் நிற்பார். நாமும் வருந்தியதில்லை, குண்டுகள் மிச்சமாயின என்று மகிழ்ந்ததே உண்டு. அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில், ஃப்ரீமன் உள்ளூர்தியில் செல்கையில், ஒரு பூட்டிய கதவின் முன் நின்று தட்டிக்கொண்டிருக்கும் காவலாளி ஒருவரைக் கடப்பார். இரண்டு மூன்று நொடிக் காட்சி. வெறும் அழகுக்கென வைத்தது.

‘ப்ளூ ஷிஃப்ட்’டில் அக்கதவின் முன் நிற்பவர் நாமே. பணிக்கு வந்து கதவைத் தட்டுகிறோம், திறப்பாரில்லை. அப்போது பின்னால் உள்ளூர்தி ஒன்று செல்கிறது. உள்ளே நிற்பவர் ஃப்ரீமன். அவருக்கு அன்று உலகையே புரட்டிப்போடும் நாள். நமக்கோ உடைமாற்றும் அறைக்குச் சென்று, கவசமும் கைத்துப்பாக்கியும் பெற்று, பழுதான மின்தூக்கியைப் பார்க்கப் போகும் நாள். அம்மின்தூக்கியில் இறங்கிக் கொண்டிருக்கையில்தான் விபத்து நிகழ்கிறது. எதனால் நிகழ்ந்தது என்பது பார்னிக்குத் தெரியாது, தெரிவிப்பாரும் இல்லை. மேலே யாரோ செய்ததன் பயன் கீழே வந்து விழுகிறது. பின்னர் ரோசன்பர்க் என்ற முதிய அறிவியலாளரோடு சேர்ந்து, பழைய கருவி ஒன்றைச் செப்பனிட்டு, சிலர் உயிரோடு வெளியேறுகின்றனர். அவ்வளவே கதை. உலகம் காக்கப்படவில்லை, பெரும்பகைவன் வீழவில்லை. தப்பும் வேளையில் கருவியின் கோளாற்றால் பார்னி கணநேரம் வேறோர் இடத்தில் தோன்றுகிறான். அங்கே படைவீரர்கள் மயங்கிய ஃப்ரீமனை இழுத்துச் செல்வதைக் காண்கிறான். உதவ இயலவில்லை, அடுத்த கணம் அங்கே அவன் இல்லை.

இதனை நாம் முதன்முதல் ஆடியது 2003-ஆம் ஆண்டளவில். அப்போது அலுவலகத்தில் நமக்கிட்ட பணி, வரும் கோப்புகளைப் பதிவேட்டில் ஏற்றி, உரிய பிரிவுக்கு அனுப்புவது. எந்தக் கோப்பு எதனை முடிவு செய்தது என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒருமுறை நாம் எண்ணிட்டு அனுப்பிய கோப்பு ஒன்று மறுதிங்களே நாளேடுகளில் பெருஞ்செய்தியாயிற்று. கையொப்பமிட்டவர் படம் வந்தது. பதிவேட்டில் அது நம் கையெழுத்தில் ஒரு வரியாக இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுத்தர் படத்தை நாளேட்டில் போட யாரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் பூட்டிய கதவின் முன் நின்று பின்னால் செல்லும் வண்டியைப் பார்த்த அந்தக் காட்சியை அன்று இரவு நாம் மூன்று முறை ஆடினோம் என்பது உண்மை.

பார்னிக்கு நற்பேறு உண்டு. 2004-இல் வந்த ‘ஹாஃப் லைஃப் 2’ அவனைப் பெயரோடும் முகத்தோடும் மீண்டும் கொணர்ந்தது.

மூன்றாவது பகுதியான ‘டிகே’, அதாவது சிதைவு, 2001 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 2 பொறிக்கு மட்டுமே வந்தது. எனவே கணிப்பொறியில் ஆடிய பெரும்பாலோர் அதனைக் கண்டதேயில்லை. ஆர்வலர்கள் தாமாகவே முயன்று 2008-இல் கணிப்பொறிக்கு மாற்றித் தந்தனர். அது ஜீனா கிராஸ், கலெட் கிரீன் எனும் இரு பெண் அறிவியலாளர்களின் கதை. இருவர் சேர்ந்து ஆடுவது. ஃப்ரீமன் கருவிக்குள் தள்ளிய அந்தப் படிகம், தள்ளுவண்டியில் கீழிருந்து அவரிடம் ஏறி வந்ததே, அதனை அனுப்பியவர் ஜீனா கிராஸ். அவ்விருவரும் ரோசன்பர்கைக் காத்து மேலே அழைத்துச் செல்வது, படையின் உதவியைக் கோருவதற்காக. உதவி வந்த விதத்தை முன்னரே கண்டோம். நன்மை கருதிச் செய்த அழைப்பின் விளைவை, அழைத்தவர் அறியாதிருக்கும் அக்கட்டம் பழைய துன்பியல் நாடகங்களுக்கு உரியது. அதை அதிகம் பேர் அறியாமற் போனது இரங்கத்தக்கது.

இதை எழுதிக் கொண்டிருக்கையில், இல்லத்தரசியார் எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். விளக்கினோம். எம் வீட்டில் ஒரு கதை உண்டு. 2007 ஜனவரியில், மணமான புதிதில், அவரும் எம் தாயாரும் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் தில்லி வந்தனர். மூடுபனியால் வண்டி ஏழு மணி நேரம் தாமதம். அந்த ஏழு மணி நேரமும் புதுதில்லி நடைமேடையில் குளிரில் நாம் நின்ற கதையைப் பொங்கல்தோறும் வருவோர்க்கெல்லாம் சொல்லி வந்துள்ளோம். அவர் சொன்னார்: “நீங்க வெளியில நின்னது எல்லாருக்கும் தெரியும். உள்ள அத்தைக்கு மூச்சு முட்டினது, பெட்டியில தண்ணி இல்லாதது, எனக்கு இந்தியில ‘தண்ணி’ன்னு கேக்கக்கூடத் தெரியாதது, இதெல்லாம் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?” பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் கேட்டறியாத செய்தி அது. எம் தாயார் இன்று இல்லை.

பிற ஆட்டங்களை விரைந்து குறிப்போம். 2005-இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ முதலில் வந்தபோது, ஊரார் சூழ்ந்து தாக்கும் தொடக்கக் காட்சியில் எங்கோ தேவாலய மணி ஒலிக்க, அவர்கள் தலைவனை விட்டு அகல்வர். யார் அடித்த மணி என்பது தெரியாது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ப்ளேஸ்டேஷன் பதிப்போடு வந்த ‘செபரேட் வேய்ஸ்’ எனும் துணைப்பகுதியில், ஏடா வாங் என்ற பெண்ணாக நாமே சென்று அம்மணியை அடிக்கிறோம். ஸ்காட்லாந்தில் ஆக்கப்பட்ட ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ 2008-இல் வந்தது; 2009-இல் அதன் இரண்டு விரிவுப் பகுதிகள் வந்தன. கெட்டுப்போன ஒரு வைர வணிகத்தை மூன்று பேர் கண்வழி மூன்று முறை காட்டுகின்றன அவை. வன்முறையும் வசையும் நிறைந்த அவ்வாட்டம் வளர்ந்தோர்க்கே உரியது. ஆனாலும் ஒரே அறையில் மூவர் மூன்று கதைகளோடு நிற்பதை அமைத்த திறம் பாராட்டத்தக்கது.

ஷெப்பர்ட் என்னானான் எனச் சிலர் கேட்கக்கூடும். ஆட்டத்தின் முடிவில், கைப்பெட்டியோடு எல்லாக் கதைகளிலும் வந்து போகும் மர்ம மனிதர் ஒருவர், அவனை எவர்க்கும் தீங்கு செய்ய இயலாத, எவராலும் தீங்கு நேராத ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் செல்கிறார். 2020-இல் ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ வந்தது, அதிலும் அவன் இல்லை. வேண்டியபோது எடுப்பதற்கென ஒதுக்கி வைத்த கோப்புப் போல, 1999 முதல் அங்கேயே இருக்கிறான்.

சென்ற திங்கள் எம் மகன், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் ஆடாதே என்ற கட்டளையை மீறி, ‘ப்ளூ ஷிஃப்ட்’டைத் தொடங்கினான். கண்டிக்கச் சென்ற நாம் பின்னால் நின்று பார்த்திருந்தோம். பூட்டிய கதவைத் தட்டிக் கொண்டிருந்தான். வண்டி கடந்தது. விளையாட்டை நிறுத்தாமலே கேட்டான்: “அப்பா, நீங்க கரோல்பாக்ல ஆடினப்போ அந்த வண்டியில போனது நீங்கதானே?” ஆம் என்றோம். அதற்குள் கதவு திறந்தது, உள்ளே போய்விட்டான்.